என் ஊட்டுத் தாயே

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பிழை எழுதியவன் நான்தான். எனக்கு முன்னால் யாரும் எழுதியதே இல்லை என்பதால் இந்தப் பெருமையில் பங்கு கேட்க ஆளில்லை. இப்போது கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியின் வாசலில் உட்கார்ந்து, ஷிப்டுக்கு வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயரில் பிழை வந்தால் அவர்களே எட்டிப் பார்த்துத் திருத்திவிடுகிறார்கள். ஆனால் நான்காம் வகுப்புப் படிக்கும்போது நான் போட்ட ஒரு சுழியைத் திருத்த எங்கள் ஊர்ப் பெரியவர்களில் எழுத்துத் தெரிந்தவர் எவரும் இல்லை. அந்தச் சுழியை நம்பித்தான் அந்த வருஷம் ஊர் பம்பை அடித்தது, அம்மனை அழைத்தது.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் கரையில் இருக்கிறது. மூன்று பக்கம் தண்ணீர், நாலாவது பக்கம் உப்பு மண். எல்லாரும் இறால் பிடிக்கிறவர்கள். எங்களிடம் 'பாடு' என்றொரு சொல் உண்டு. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள்; அப்படிக் கிடைக்கிற முறைதான் பாடு. பாடு இருக்கிறவன் ஊரில் ஓர் ஆள். பாடு போனவன் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏற வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போய் வண்டி இழுக்க வேண்டும். அப்படிப் போன இரண்டு குடும்பங்களின் குடிசைகள் ஊர்க்கோடியில் கூரை சரிந்து கிடந்தன. பிள்ளைகளான நாங்கள் அந்தப் பக்கம் விளையாடக்கூடப் போகமாட்டோம்.

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஏரியில் பாடு உள்ளவர். அது போக, ஊருக்காகப் பாடுகிறவரும் அவர்தான். ஆடியில் பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறபோது முதலில் ஏரிக்கரையில் பூக்கரகத்தை வைத்து அம்மனை அதற்குள் வரவழைக்க வேண்டும். அதற்கு வர்ணிப்பு என்று பெயர். பம்பைக்காரர்கள் அடிக்க, ஒருவர் உடுக்கையை எடுத்துக்கொண்டு அம்மனைப் புகழ்ந்து, கெஞ்சி, கொஞ்சி, கொஞ்சம் கோபித்துக்கொண்டும் பாடுவார். அவள் யார் மேலாவது இறங்கி 'வந்துட்டேன்' என்று சொன்னால்தான் கரகத்தைத் தூக்கலாம். கரகம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கூழ். ஆகவே மாமாவின் தொண்டை நல்லபடியாக இருக்க வேண்டுமென்று ஊரிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு வாரம் முன்னாலிருந்தே மனதார வேண்டிக்கொள்வோம்.

அவர் தொண்டை எங்களை ஒருபோதும் காக்க வைத்ததில்லை. சாதாரணமாகப் பேசும்போது அவர் குரல் கரகரவென்றிருக்கும், வலை இழுக்கிறவர்கள் எல்லாருடைய குரலையும் போல. உடுக்கையைக் கையில் எடுத்துவிட்டால் அது வேறு எங்கிருந்தோ வரும். 'வா' என்ற ஓரெழுத்தை அவர் இழுத்து முடிப்பதற்குள் அக்கரையில் நின்றிருக்கிற கொக்குகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரும். எனக்கு முதுகெலும்பு ஓரமாகக் குளிர்ந்து இறங்கும். ஒரு மனுஷன் வெறும் வார்த்தையை வைத்துக்கொண்டு சாமியை நடக்க வைக்கிறானே என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். பிற்பாடு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து சிலேட்டில் 'அ' எழுதியபோது எனக்கு ஏற்பட்ட பயபக்திக்கு மாமாதான் காரணம். எழுத்து என்பது வார்த்தையைப் பிடித்துக் கட்டிப்போடுகிற கயிறு என்று நினைத்திருந்தேன்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பங்குனி மாதத்தில் மாமா வீட்டுக்கு அம்மா வந்தாள். எங்களூரில் வைசூரியை நோய் என்று சொல்லக்கூடாது. அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். வந்தவள் விருந்தாளி. வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, உரக்கப் பேசாமல், அவள் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும். அவள் வந்து இறங்கியது மாமாவின் ஒரே பெண்ணின் மேல். ஐந்து வயது. எனக்கு முறைப்பெண். என்னை 'மச்சான்' என்று பெரிய மனுஷி மாதிரி கூப்பிட்டுப் பெரியவர்களைச் சிரிக்க வைப்பாள். நான் ஓடி ஒளிந்துகொள்வேன்.

பதினோராம் நாள் அவள் இறந்துபோனாள். ஊர்த்தலைவர் வந்து வாசலுக்கு வெளியே நின்று சொன்னார்:

"யாரும் அழப்படாது. அம்மா இன்னும் ஊட்லதான் கீறா. அழுதா அவளுக்கு ஆவாது. மத்த புள்ளைங்களையும் பாத்துடுவா."

அதனால் யாரும் அழவில்லை. மேளம் இல்லை, மாரடிப்பு இல்லை. வேப்பிலையில் சுற்றி, ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். மாமாவின் மனைவியை நான் அத்தை என்பேன். அத்தை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பாப்பா எங்கம்மா?" என்று நான் கேட்டதற்கு, "அம்மா கூட்டிக்கினு போயிட்டா" என்று என் அம்மா சொன்னாள். அம்மனோடு போவதென்றால் கரகத்தின் பின்னால் ஊர்வலமாகப் போவதுபோல இருக்கும் என்று எண்ணி, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு மாமா தன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். படகிலேயே கிடந்தார். சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். தூக்கில் எடுத்துக்கொண்டு போவது என் வேலை. வழியில் அத்தையின் வீடு. அவள் வாசலைப் பெருக்கிக்கொண்டோ, நிலைப்படியில் செருகிய வேப்பிலையை மாற்றிக்கொண்டோ இருப்பாள். அம்மை இறங்கிப் பல மாதமாகியும் அந்த வேப்பிலையை அவள் விடவில்லை. "நேத்து துன்னுச்சா உங்க மாமா?" என்று கேட்பாள். "துன்னாரு" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. மாமாவோ அத்தையைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த ஆடிக்கு மாமா பாடவில்லை. பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனுஷர், நல்ல ஜரிகைத் துண்டு. ஆனால் அம்மன் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தாள். கூழ் புளித்துப்போனது. அந்த வருஷம் இறாலும் சரியாகப் படவில்லை. ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது.

அடுத்த ஆடி வந்தபோது தலைவரே படகுத்துறைக்குப் போய்க் கேட்டார். மாமா வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "பாடறேன். ஆனா நான் கட்டின பாட்டுதான் பாடுவேன்" என்றார். ஊருக்கு ஒரே சந்தோஷம். அவர் எப்போதுமே சொந்தமாகக் கட்டித்தானே பாடுவார்?

இரண்டு நாள் கழித்து, சேற்றில் நண்டு பிடிக்கப் போயிருந்த ஒருவர் தலைவரிடம் வந்து மூச்சிரைக்கச் சொன்னார்: "உன் பாட்டுக்காரன் படகுல குந்திக்கினு அம்மன திட்டிக்கினு கீறான் தலைவரே. என்ன உட்டுட்டு பூட்டே, உட்டுட்டு பூட்டேன்னு பாடறான். என் காதால கேட்டேன்."

அம்மனை அழைக்கிற இடத்தில் அவளைத் திட்டினால் என்ன ஆகும்? மறுபடியும் வீடு வீடாக அவள் வந்துவிட்டால்? பேச்சு ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நான்கு பெரியவர்கள் கூடினார்கள். மாமா இந்தப் பாட்டை முதலில் அவர்களிடம் பாடிக் காட்ட வேண்டும்; அதில் அம்மனைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இருந்தாலும் இந்த வருஷச் சீட்டில் அவர் பெயர் கிடையாது, பாடு போச்சு. என் நைனாதான், அதாவது அப்பாதான், இதைப் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. மச்சானிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வராமல், பாதியை ஏரிப் பக்கம் பார்த்துத்தான் சொன்னார்.

மாமா கோபப்படவில்லை. "அவளுக்குப் பாடறத இவங்களுக்குப் பாடமாட்டேன்" என்றார். பிறகு, தூக்கோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார். "இவன் எழுதட்டும். எழுதினத படிச்சுக் காட்டட்டும். அப்புறம் அவங்க இஷ்டம்."

இங்கேதான் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஓராசிரியர் பள்ளிக்குத் தெற்கேயிருந்து ஒரு சார் வந்திருந்தார். எங்கள் தமிழ் அவருக்குத் தலைவலி. நாங்கள் வீட்டை 'ஊடு' என்போம். விட்டான் என்பதை 'உட்டான்' என்போம். பேசுகிறபடியே எழுதுவோம். அவர் பிரம்பை வைத்து ஒரு சூத்திரம் கற்றுக்கொடுத்தார். 'உன் வாயில ஊன்னு வந்தா கையில வீ போடு. உன்னு வந்தா வி போடு.' வாயைக் கவனி, நெடிலா குறிலா என்று பார், அதற்கேற்ற சுழி. வி, வீ இரண்டுக்கும் வித்தியாசம் உச்சியில் ஒரு சின்னச் சுழிதான். அந்தச் சுழிக்காக என் முழங்கையில் விழுந்த அடிகள் ஏராளம்.

சனிக்கிழமை காலையில் மாமா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரி நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். சுற்றிலும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. என் மடியில் கோடு போட்ட நோட்டு. மாமா உடுக்கை இல்லாமல், மிக மெதுவாக, ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்துப் பாடினார்.

*வாசப்படி வேப்பிலைய வாடாம வெச்சிருந்தேன்,*
*வந்த தாயே...*

இதுவரை எனக்குச் சிக்கல் இல்லை. அடுத்து ஒரு சொல் வந்தது. 'என்' என்றோ 'என்ன' என்றோ தொடங்கி, அப்படியே ஊவென்று நீண்டு, ஏரி முழுவதும் பரவி, வெகு தூரம் போய்த்தான் 'ட்ட' என்று முடிந்தது.

*என்ன்... ஊஊஊட்ட தாயே.*

எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிடித்துவிட்டேன்! வாயில் ஊ வந்தால் கையில் வீ. ஊட்டுத் தாயே என்றால் வீட்டுத் தாயே. வீட்டுக்கு வந்தவளை என் வீட்டுத் தாயே என்கிறார் மாமா. உச்சியில் அழகாகச் சுழி போட்டேன். அதோடு விடாமல், வல்லினம் மிகும் என்று நினைவு வந்து, நடுவில் ஒரு 'த்' வேறு சேர்த்தேன். 'என் வீட்டுத் தாயே'. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் படித்தவன் படிக்காதவரிடம் சந்தேகம் கேட்பதாவது!

*எளநீரும் பானகமும் எடுத்தெடுத்துக் குடுத்திருந்தேன்,*
*குடிச்ச தாயே, என் ஊட்ட தாயே.*
*முத்து முத்தா பூத்தியம்மா மொட்டு ஒண்ணு மேல,*
*பூத்த தாயே, என் ஊட்ட தாயே.*
*கதவத் தொறந்து வெச்சேன், கண்ணு மூடாம பாத்திருந்தேன்,*
*நடந்த தடம் காணலியே, என் ஊட்ட தாயே.*

பாடி முடித்தபோது மாமாவின் கை படகின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. "ஏறிடுச்சா?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, எழுத்துகள் மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒரு வருசமா தொண்டையில நின்னுக்கினு இருந்துச்சுடா. இம்மாந்தான் கீது."

பிறகு துடுப்பை எடுத்தார். "இதப் படிச்சா அவங்களுக்குப் புரிஞ்சிடும். புரிஞ்சா பாடு பூடும். போவட்டும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அம்மனை இவ்வளவு அன்பாக என் வீட்டுத் தாயே என்று கூப்பிட்டதற்கு எதற்காகப் பாடு போக வேண்டும்? பெரியவர்கள் கவலைப்படுவதற்கென்றே கவலைப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் ஊர் கூடியது. நான்கு பெரியவர்கள் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். நண்டுக்காரர், தான் சொன்னது நிரூபணமாகப் போகிறதென்ற களையோடு முன்னால் வந்து நின்றார். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்தபடி ஓரத்தில் குந்தியிருந்தார். நைனா என் தோளைத் தட்டி, "பயப்படாம படி" என்றார்.

நான் சார் முன்னால் ஒப்பிப்பதுபோல, விறைப்பாக நின்று, ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாக உச்சரித்துப் படித்தேன். வீட்டுத் தாயே என்று வருகிற இடத்திலெல்லாம் அந்த 'த்'தை நன்றாக அழுத்தினேன். 'முத்து முத்தா பூத்தியம்மா' என்ற வரியில் தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நடந்த தடம் காணலியேன்றானே, அது இன்னா?" என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

"சாமி நடந்தா தடம் தெரியுமாய்யா? பூமியில கால் படுமா அவளுக்கு?" என்று தலைவர் அவரை அடக்கிவிட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "புள்ளைய எடுத்துக்கினு போனவள, என் ஊட்டுத் தாயேன்னு கூப்புடறான். நம்மளால ஆவுமா? இவனப் போயி சந்தேகப்பட்டோமே."

"நா கேட்டது வேற தலைவரே" என்றார் நண்டுக்காரர்.

"உன் காதுல நண்டு பூந்துகீது. போ, போயி எடு."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "இன்னா படிச்சே? அத்த மட்டும் இன்னொரு வாட்டி படி."

"என் வீட்டுத் தாயே."

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்ட பெருமை வழிந்துகொண்டிருந்திருக்கும். பிறகு என் கையிலிருந்த நோட்டை மூடி, என் தலையில் கையை வைத்தார்.

"நல்லாத்தான் எழுதிகீறே" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உச்சிக்கு முன்னால் ஏரிக்கரையில் கரகம் ஜோடித்தாயிற்று. மல்லியும் அரளியும் சுற்றிய கரகம் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒரு வருஷமாகக் கோயில் பக்கம் வராத அத்தையும் அன்று வந்திருந்தாள். கூழ்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாப் பெண்களுக்கும் பின்னால், நிழலில்லாத இடத்தில் நின்றாள். மாமா அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

அவர் உடுக்கையை எடுத்தார். ஒரு வருஷம் பாடாத தொண்டை. முதல் 'வா' வந்ததுமே எனக்குப் பழைய குளிர் முதுகில் இறங்கிவிட்டது. கொக்குகளைப் பார்க்கக்கூட மறந்துபோனேன். வாசப்படி வேப்பிலை, இளநீர், முத்து என்று ஒவ்வொரு வரியாக வந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த நீண்ட ஊ. ஊரே தலையை ஆட்டியது. சிலர் அந்த இடத்தில் சேர்ந்தே பாடினார்கள், 'என் ஊட்டுத் தாயே' என்று. என் எழுத்து இத்தனை வாய்களில் ஒலிப்பதைக் கேட்டு நான் பூரித்துப்போய் நின்றேன்.

வர்ணிப்பில் ஒரு கட்டம் வரும். மெதுவாக அழைத்தது போதும் என்று பம்பைக்காரர்கள் அடியை முடுக்குவார்கள். பாடுகிறவரும் அதற்கேற்ப வேகமெடுக்க வேண்டும். அன்றும் முடுக்கினார்கள். மாமா முடுக்கினார். வேகம் கூடக் கூட வார்த்தைகள் நெருங்கின. இழுப்பதற்கு இடமில்லை. நீண்டு கிடந்த ஊ சுருங்கியது, இன்னும் சுருங்கியது, கடைசியில் ஒரு சொடுக்குப்போல வந்து விழுந்தது.

*என்ன உட்ட தாயே! என்ன உட்ட தாயே!*

குறில். வாயில் உ வந்தால் கையில் வி. என்னை விட்ட தாயே. விட்டுவிட்டுப் போன தாயே. வேப்பிலை வாடாமல் பார்த்துக்கொண்டேனே, வந்தாயே, குடித்தாயே, என் மொட்டின் மேல் பூத்தாயே, பிறகு விட்டுவிட்டாயே. முந்தின நாள் நான் அழுத்தி அழுத்திப் படித்த பாட்டு என் கண் முன்னால் தலைகீழாகத் திரும்பி நின்றது. இத்தனை பெரிய கதறலை என் ஒரு சுழி ஒளித்து வைத்திருந்ததே என்று திகைத்தேனா, மாமாவின் பாடு போகப்போகிறதே என்று பயந்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை. கூடப் பாடிக்கொண்டிருந்தவர்களின் வாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. நண்டுக்காரர், "கேட்டுக்கினீங்களா?" என்பதுபோல எல்லார் முகத்தையும் பார்த்தார். தலைவர் திரும்பி என்னைத் தேடினார். நான் நைனாவின் காலுக்குப் பின்னால் போய்விட்டேன். தலைவர் பம்பையை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

அந்தக் கை இறங்குவதற்குள் பெண்கள் பக்கத்தில் பானை விழுந்து உடைந்தது.

அத்தை வந்துகொண்டிருந்தாள். கொண்டை அவிழ்ந்துவிட்டது. வழியில் நின்ற பெண்கள் தாமாகவே ஒதுங்கினார்கள். நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்குவரை இறங்கியிருந்தது. கூழ் பட்ட கால்களோடு மணலில் நடந்து கரகத்துக்கு முன்னால் வந்து நின்றாள். உடம்பு ஒரு கயிற்றைப்போல் முறுக்கி ஆடியது. தலைவரின் தூக்கிய கை அப்படியே கும்பிடாக மாறிற்று.

"தாயே, யாரு வந்துகீறது? இன்னா கொறை தாயே?"

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. மாமாவைப் பார்த்தாள்.

"யார்ரா உட்டது?" என்றாள். அத்தையின் குரலே அல்ல அது. "நா எங்கயும் போவல. ஊட்லதான் கீறேன். ஒரு வருசமா ஊட்லதான் கீறேன். நீதான்டா என்ன உட்டே!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தை மாமாவைப் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை; அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. இந்த 'டா'வைச் சொல்லத் துணிவு அம்மனுக்கு மட்டும்தான் உண்டு. கேட்ட கேள்விக்கு அம்மனே நேரில் வந்து பதில் சொல்லிவிட்டாள். இனி எந்தப் பெரியவர் மாமாவின் பாட்டைக் குறை சொல்ல முடியும்? தலைவர் மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பிறகு எல்லாரும் விழுந்தார்கள். நண்டுக்காரர்கூட.

மாமா மட்டும் விழவில்லை. உடுக்கை அவர் கையில் தொங்கியது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு முனகல். பிறகு அது மேலே ஏறி, வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அடங்காமல் நீண்டது. "ஏ கண்ணு... ஏ கண்ணு... ஒனக்காக ஒரு வாட்டி அழுவக்கூட உடலியே..." என்று மார்பில் அறைந்துகொண்டு அவள் அழுதாள்.

"அம்மா அழறா" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "கொயந்தைய எடுத்துக்கினு போனதுக்கு அம்மாவே அழறா."

அந்தச் சொல் கூட்டம் முழுவதும் பரவியது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அழக்கூடாது என்று சொன்ன தலைவர், இப்போது கைகூப்பிக்கொண்டு அந்த அழுகையின் முன்னால் கிடந்தார். கற்பூரம் ஏற்றினார்கள். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். நானும் விழுந்து கும்பிட்டேன். சாமிக்கும் அழுகை வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பார்க்கக் கிடைத்த பிள்ளைகள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணி நடுங்கினேன். மணலில் கன்னத்தை வைத்தபடி ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

மாமா உடுக்கையைக் கீழே வைத்தார். அவள் அருகில் போனார். கும்பிடவில்லை. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து, அவள் முகத்தைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், நெற்றியிலிருந்து வழிந்த குங்குமத்தையும் சேர்த்துத் துடைத்தார்.

"வா. ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

அவளது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "டேய், டேய், சாமியத் தொடாதடா, இன்னும் மலையேறல!" என்று தலைவர் படுத்த வாக்கிலேயே கத்தினார். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அவிழ்ந்த கூந்தலோடு, அழுதுகொண்டே, அவள் அவர் பின்னால் போனாள். இருவரும் கருவேல மரங்களைத் தாண்டிக் குடிசைகள் பக்கம் திரும்புகிறவரை ஊர் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

எனக்கு மாமாமேல் அடக்க முடியாத கோபம் வந்தது. அவருக்காக மனமிறங்கி வந்து, பதில் சொல்லி, அழக்கூடச் செய்த தெய்வத்தின் குங்குமத்தை அழித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாரே! இதற்கு என்ன தண்டனை கிடைக்குமோ என்று பயமாகவும் இருந்தது. கரகத்தின் முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவருக்காக நான் வேண்டிக்கொண்டேன்.

மன்னிச்சுக்கோ தாயே. எங்க மாமா படிக்காதவரு. உன்ன அத்தைன்னு நெனச்சுட்டாரு.